லைனுக்குக் கட்டிய காப்பு

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கணக்கு தப்பு என்று யாரும் பத்திரிகைக்குக் கார்டு போட வேண்டாம். என் கொழுந்தன் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கைச் சோறு தின்றுதான் ஆளானார்கள். அவர்களும் என் கணக்கில்தான். எட்டு பேரும் கை காலோடு, மானத்தோடு இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. பெருமையை மடியில் கட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லிவிடுவோம்.

அந்த எட்டில் மூத்தவள் பிறந்த கதைதான் இந்த வாரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். நான் நிறைமாத வயிற்றோடு வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருக்கிறேன். குனிய முடியாது. நின்ற வாக்கிலேயே வீசி வீசித் தெளிக்கிறேன். பாதி சாணி என் கால் மேலேயே விழுகிறது.

எங்கள் வீடு ஊருக்குள் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி, ஓடைக்குப் பக்கத்தில், கழனி நடுவில் இருந்தது. ஊருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில், வரப்பு ஓரமாக வரிசையாக மூங்கில் கழிகள் நட்டிருந்தன. ஒவ்வொரு கழி உச்சியிலும் சிவப்புத் துணி. சர்வேக்காரர்கள் முந்தின வாரம் நட்டுவிட்டுப் போனது.

அந்தக் கழிகளுக்கு எங்கள் ஊர்ப் பூசாரி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஈர வேட்டி, தோளில் மஞ்சள் நூல் கண்டு. ஒரு கழிக்குக் கட்டுவார், கும்பிடுவார், அடுத்த கழிக்கு நடப்பார். பின்னால் பம்பை அடிக்கிறவர் கொட்டாவி விட்டுக்கொண்டே அடித்துக்கொண்டு போனார்.

சிவப்புத் துணிக்குக் கீழே பச்சை வேப்பிலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் மிச்சச் சாணியைத் தெளித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த வேப்பிலைதான் அன்றைக்கு எங்கள் வீட்டைப் படாத பாடு படுத்தியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேத்தி கேட்ட கேள்வி

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கையெழுத்துப் போடுவேன். கடை போர்டு, பஸ் போர்டு எல்லாம் பஸ் கிளம்புவதற்குள் படித்துவிடுவேன். மற்றதெல்லாம் நான் சொல்ல, என் பேத்தி கல்பனா எழுதுகிறாள். மூத்தவளுடைய கடைசிப் பெண். திருப்பதியில் இங்கிலீஷ் படிக்கிறாள். நாங்கள் இருப்பது திருச்சானூர். தினமும் ஷேர் ஆட்டோவில் போய் வருகிறாள்.

போன வாரம் வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“ஆயா, லைன்னு ஒரு வார்த்தை இருக்குதே, அதுக்கு எங்க புக்குல எவ்ளோ அர்த்தம் போட்டுக்கிது தெரியுமா? படிச்சிக்கினே இருக்கேன், முடியவே மாட்டேங்குது.”

“புக்கு எதுக்குடி? இப்பிடி உக்காரு. நான் சொல்றேன்.”

“நீயா? இங்கிலீஷா?”

“அது இங்கிலீஷுன்னு யாருடி சொன்னது? எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அது நம்ம வூட்லதான் இருக்குது.”

சொன்னேன். நீங்களும் கேளுங்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது லைன் என்றால் ஒன்றுதான். ரயில் போகிற இரும்பு. ரேணிகுண்டாவிலிருந்து புத்தூர், நகரி வழியாக அரக்கோணம் போகிற ரயில். “மாடு லைன் மேல பூட்ச்சி பார், ஓடு ஓடு” என்று எங்கள் நைனா கத்துவார். லைன் என்றால் எனக்கு முதலில் பயம்தான்.

அப்புறம் என் கொழுந்தன் போலீசில் சேர்ந்து சித்தூரில் லைன் வீட்டில் குடியிருந்தான். ஒரே நீளச் சுவர், வரிசையாகக் கதவுகள். முதல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் கடைசி வீட்டில் தீர்ப்பு சொல்வார்கள். ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தால் லைன் முழுக்க அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

கரண்ட் வந்தது. “லைன் பூட்ச்சி” என்றால் விளக்கு இல்லை என்று அர்த்தம். அதைச் சரி பண்ண ஒரு லைன்மேன் வருவான். எங்கள் தெருவில் மட்டும் அடிக்கடி வந்தான். எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில் மட்டும் அடிக்கடி ஏறினான். பக்கத்து வீட்டு ரங்கம்மாதான் சொன்னாள், “யக்கா, கம்பத்துல ஒரு பழுதும் இல்ல. அவன் உன் மூணாவது பொண்ணுக்கு லைன் போட்டுக்கினு இருக்கான்.” அவன்தான் இப்போது என் மாப்பிள்ளை. நல்ல பிள்ளை. கம்பத்தில் ஏறுவதை விட்டுவிட்டான், முழங்கால் வலி.

திருமலையில் நிற்கிறோமே, அதுவும் லைன். என் இரண்டாவது மருமகளை நான் அங்கேதான் பார்த்தேன். வேறு இடத்தில் பெண் பார்க்கப் போனால் ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம்தான் பார்க்கலாம். அங்கே விடிகாலையில் நின்றால் பொழுது சாய்கிற வரைக்கும் பார்க்கலாம். தள்ளுகிறாளா, முறைக்கிறாளா, பசி வந்தால் என்ன முகம் காட்டுகிறாள், எல்லாம் தெரிந்துவிடும். அவள் எவர் குழந்தையையோ இடுப்பில் வாங்கிவைத்துக்கொண்டு நின்றாள். லட்டு வாங்குவதற்குள் நான் சம்பந்தம் பேசி முடித்துவிட்டேன்.

என் இரண்டாவது பிள்ளை சோப்பு, சீயக்காய் ஏஜென்ஸி வைத்திருக்கிறான். “இன்னிக்கு சத்தியவேடு லைன், நாளைக்கு பிச்சாட்டூர் லைன்” என்று கிளம்புவான். போனில் கூப்பிட்டால் “லைன்லயே இரு” என்பான். நான் கூப்பிட்டது நாலு வார்த்தை பேச. அவன் நிறுத்திவைப்பது பொங்கிவைத்த சோறு ஆறுகிற வரைக்கும்.

ரவிக்கை தைக்கிற டெய்லர், “லைனிங் வெக்கட்டுமா ஆயா?” என்கிறான். இந்தப் பத்திரிகைத் தம்பி, “இன்னும் நாலு லைன் சேத்து எழுதுங்கம்மா” என்கிறார்.

கல்பனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

“சரி ஆயா, அர்த்தம் எல்லாம் சொல்லிட்ட. அது எங்க இருந்து வந்துச்சின்னு சொல்லு பாக்கலாம்?”

“எங்க இருந்து? ரயில்ல இருந்து.”

“இல்ல. நூல்ல இருந்து.”

சீமையில் ஒரு செடி உண்டாம். அதன் நாரை ஊறவைத்து, அடித்து, திரித்து நூல் செய்வார்களாம். ரோமாபுரி ஆட்கள் பேசின பாஷையில் அந்தச் செடிக்கு லீனும் என்று பெயராம். லினன் புடவை என்று கடையில் விலை சொல்லிப் பயமுறுத்துகிறார்களே, அது அந்தச் செடிதானாம். டெய்லர் வைக்கிற லைனிங்கும் அதே வேர்தானாம். அந்தக் காலத்தில் உள்ளே அந்தத் துணியைத்தான் வைத்துத் தைப்பார்களாம். நூலை இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கிறது இல்லையா, அந்த நேர் கோட்டுக்கு லைன். மற்ற லைன் எல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதானாம்.

“நம்ம கொத்தனாரு நூல் புடிக்கிறாரே, அது மாதிரி ஆயா.”

நான் என் புடவை ஓரத்து நூலை இழுத்துப் பார்த்தேன். கல்பனா, “இன்னா ஆயா, தோத்துட்டியா?” என்று சீண்டினாள்.

தோற்கவில்லை. எனக்கு என் மாமியார் தொடை மேல் பஞ்சு திரித்த நினைப்பு வந்துவிட்டது.

ரயில் இல்லாத லைன்

ஆந்திரா தனி ராஜ்யமாகப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் எந்தக் கிராமம் மெட்ராசுக்கு, எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. நகரி சுவர்களில் தமிழில் ஒரு வரி எழுதினால் மறுநாள் அதன் மேல் தெலுங்கில் ஒரு வரி இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மெட்ராஸ் கட்சி. கூட்டத்துக்குப் போய்த் தொண்டை கட்டித் திரும்புவார். நான் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுப்பேன்.

பெண்களாகிய எங்களுக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. எங்கள் வீட்டில் மாட்டை அதட்டுவது தெலுங்கில், கொஞ்சுவது தமிழில். மாட்டுக்கு இரண்டும் புரியும்.

என் மாமியாரிடம் யாரோ சந்தையில், “உங்க கழனி பக்கமா லைன் போடப் போறாங்களாம்” என்று சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கும் எனக்கும் லைன் என்றால் ரயில்தானே. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

“ஸ்டேஷன் நம்ம வேப்பமரத்துக்கு எதிர்ல வந்துச்சின்னா வெச்சிக்கோ, வேர்க்கடலை அவிச்சி விக்கலாம்டி. நீ அவி, நான் விக்கிறேன். உனக்குக் குரல் இல்ல.”

சர்வேக்காரர் வந்தார். தெலுங்கு மனிதர், கறுப்புக் குடை, நல்ல முகம். சங்கிலியை இழுப்பார், கழி நடுவார், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மாமியார் அவருக்கு நீர்மோர் கொடுத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்து, மெதுவாகக் கேட்டார்.

“ஐயா, ரயில் எப்ப வரும்?”

“ரைலா? ரைலு லேதம்மா! இது ஸ்டேட் லைனுக்கு அளக்கறது.”

“ரயில் இல்லியா? ரயில் போவாத லைனு எதுக்குய்யா?”

அவர் செம்பைத் திருப்பிக் கொடுத்து, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் தாமதம்

எங்கள் ஊர் தேவதை எல்லம்மா. அவள் திருவிழாவை ஜாத்திரை என்போம். ஜாத்திரைக்கு இரண்டு வாரம் முன்னால் ஊரைச் சுற்றி எல்லையில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூல், வேப்பிலை. கட்டிவிட்டால் ஊர் அம்மனுடைய கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஜாத்திரை முடிகிற வரைக்கும் உள்ளே இருக்கிற ஆண்கள் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது, பெண்கள் தாண்டவே கூடாது. கர்ப்பிணிக்கு இன்னும் கண்டிப்பு. மீறினால் அம்மை வரும், மாடு சாகும் என்பார்கள். யாரும் மீறிப் பார்த்ததில்லை.

அதனால்தான் திங்கட்கிழமையே என்னை அழைத்துப் போவதாக என் அம்மா சொல்லியிருந்தாள். அம்மா ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல் தூரம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு ஆண் குழந்தை நாளுக்கு முன்னாலேயே பிறந்தது. அழவில்லை. ஓடையில் வெள்ளம், என் அம்மாவால் வந்து சேர முடியவில்லை. என் அம்மா சுற்றுப்பட்டு ஊர்களில் பிரசவம் பார்க்கிறவள். அவள் கையில் எத்தனையோ பிள்ளைகள் அழுதுகொண்டு பிறந்திருக்கின்றன. நான் அந்தக் கையை நினைத்துக்கொண்டேதான் ஒன்பது மாதமும் இருந்தேன். இந்தத் தடவை அம்மா வீட்டில்தான் என்று மாமியாரும் வாய் விட்டுச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. வழியில் அச்சு முறிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில்தான் அம்மா வந்து இறங்கினாள். புளிசோறு, எலுமிச்சஞ்சோறு, கை நிறைய வளையல்.

மாமியார் தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார். அப்புறம் சொன்னார்.

“காப்பு கட்டியாச்சி சம்பந்தி.”

அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

“எப்போ?”

“விடியக் காத்தால. பம்பை சத்தம் கேட்டுச்சி. இனிமே ஜாத்திரை முடிஞ்சிதான். நீங்க இங்கியே தங்கிடுங்க. இங்கியே பிரசவம் பாருங்க.”

“எப்பிடி தங்குவேன்? எங்க ஊர்ல ரெண்டு பொண்ணுங்க இதோ அதோன்னு கெடக்குதுங்க. இவ வூட்ல உக்காந்துக்கினா அதுங்களை யாரு பாக்கறது? இவ அங்க இருந்தா மூணையும் பாப்பேன்.”

“நான் இன்னா பண்ணட்டும்? நான் போட்ட சட்டமா? போன வருசம் அந்தப் புள்ள போனதுக்கு ஊரே என் மூஞ்சிய பாத்துச்சி. இப்ப எல்லையத் தாண்ட வுட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா?”

மாமியார் கெட்டவர் இல்லை. பயந்தவர். நான் கதவு ஓரமாக நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், செருப்பு கூட வேண்டாம், இப்படியே நடக்கிறேன் என்று.

மொட்டைக் கல்

என் அம்மா சண்டைக்காரி இல்லை. ஆனால் பார்க்கிறவள். வரும் வழியில் எந்த வீட்டில் எந்த மாடு சினை என்று சொல்லிவிடுவாள்.

“சம்பந்தி, நான் ஓடை வழியாத்தான வந்தேன். ஓடைக்கரையில உங்க எல்லைக் கல்லு நிக்குது. மொட்டையா நிக்குது. ஒரு இலை இல்ல, ஒரு நூல் இல்ல. எங்க கட்டினாங்க காப்பு?”

“கல்லுலதான் கட்டுவாங்க. எப்பவும் அங்கதான்.”

“வாங்க, காட்டறேன்.”

போய்ப் பார்த்தார்கள். கல் மொட்டைதான். திரும்பி வந்து மாமியார் நாலு பக்கமும் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது, வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில், வரப்பு ஓரம், சிவப்புத் துணிக்குக் கீழே வேப்பிலை. விடியலில் நான் பார்த்ததும் அதைத்தான், கழியில் கட்டினதால் காப்பு என்று எனக்கு உறைக்கவில்லை.

“ஐயையோ!” என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். “என் வூட்டை வெளிய தள்ளிட்டானே!”

என் அம்மா அமைதியாகச் சொன்னாள், “அப்ப எம் பொண்ணு எல்லைக்கு வெளியதான் இருக்கா. கூட்டிக்கினு போனா குத்தம் இல்ல.”

“உங்க பொண்ணு இருக்கட்டும். என் வூடு ஆத்தாளுக்கு வெளிய கெடக்குதே! கூப்பிடுங்கடா அந்தப் பூசாரிய!”

பூசாரி வந்தார். கொஞ்சமும் கலங்கவில்லை. யோசித்துத்தான் செய்திருந்தார்.

“யம்மா, கத்தாதீங்க. சர்க்கார் புதுசா எல்லை நட்டுக்கிறாங்க. ஊருக்கு எல்லை மாறிப் பூட்ச்சி. ஆத்தாளுக்கு மட்டும் பழைய எல்லையிலயே கட்டினா, அது அவளுக்கு மரியாதையா? சர்க்காருக்கு ஒரு எல்லை, ஆத்தாளுக்கு ஒரு எல்லைன்னா அவ யார் பேச்சக் கேப்பா?”

கேட்க நியாயம் போலத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, குடையைப் பிடித்துக்கொண்டு சர்வேக்காரர் வந்தார். கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார். முதல் கழியில் கை வைத்ததும் பூசாரி பாய்ந்தார்.

“தொடாதீங்க! காப்பு கட்டிக்கிது!”

“அய்யோ, அதி மா ஜெண்டா அண்டி! எங்க கொடி! நாளைக்கு வேற எடத்துல நடணும்.”

“ஆத்தா காப்பு கட்டின கழிய எடுத்தா உங்க வூட்ல வெளக்கு எரியாது. ஜாத்திரை முடியட்டும், நானே எடுத்துத் தரேன்.”

மாமியார் குறுக்கே போனார். “ஐயா, நீங்களே சொல்லுங்க. என் வூடு எல்லைக்கு உள்ளயா, வெளியவா?”

சர்வேக்காரர் தலையைச் சொறிந்தார். “அம்மா, இது எல்லையே காது, எல்லை இல்ல. கண்ணு நேரா பாக்கறதுக்கு நட்டது. எல்லை எங்கன்னு எனக்கே தெரியாது. நாங்க அளக்கறோம், பைன சொல்றாங்க.”

பைன என்றால் மேலே. அவர் சொன்னது மேலதிகாரியை. பூசாரி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

புது நூல்

எல்லை இல்லாத இடத்தில் எல்லை கட்டிவிட்டோம் என்று தெரிந்ததும் பூசாரியின் குரல் இறங்கிவிட்டது.

“கட்டினதை அவுக்க முடியாதும்மா. அது பெரிய குத்தம். ஆனா சேத்துக் கட்டலாம். இந்தக் கழியில இருந்து அந்தக் கல்லு வரைக்கும் உங்க வூட்டையும் சுத்தி ஒரு நூல் ஓட்டிடறேன். மடியில மீதி நூல் இருக்குது. இப்பவே கட்டிடலாம்.”

மடியிலிருந்து எடுத்துவிட்டார், மஞ்சள் நூல் கண்டு.

அவர் கட்டிவிட்டால் நான் உள்ளே. ஜாத்திரை வரைக்கும் உள்ளே. என் அம்மா ஓடைக்கு அந்தப் பக்கம். அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் எனக்கு வலித்தது.

மாமியார் நூல் கண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் பூசாரியைப் பார்த்துக் கேட்டார்.

“இது இன்னா நூலு?”

“காப்பு நூலுதாம்மா.”

“மீதி நூலு. ஊருக்கெல்லாம் கட்டி மீந்த நூலு. என் வூட்டுக்கு மட்டும் மிச்சமா? எச்ச எலையில சோறு போடற மாதிரி? வேணாம். புதுசா திரிச்சிக் கட்டணும்.”

“திரிக்கிறதுன்னா நேரமாவுமே.”

“ஆவட்டும்.”

உள்ளே போனார். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கூடையோடு கொண்டு வந்தார். வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தார். பஞ்சை எடுத்தார், கொட்டை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார், கோதினார், மறுபடியும் பார்த்தார். என் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஒரு வேலையையும் அவ்வளவு நிதானமாகச் செய்து நான் கண்டதில்லை.

“சீக்கிரமா ஆவட்டும்மா” என்றார் பூசாரி.

“மெதுவாத்தான் ஆவும். கோதணும், திரிக்கணும், மஞ்சா பூசணும், காயணும். வெயில் எப்பிடியோ. நீ போயி மஞ்சா அரை. நைசா அரை. யோவ் சர்வே ஐயா, சும்மாத்தான நிக்கிறீங்க, இந்த முனையப் புடிங்க.”

அந்த மனிதர் குடையை மடக்கி வைத்துவிட்டு நூல் முனையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை ஊரில் எத்தனை சங்கிலி இழுத்தவரோ, அன்றைக்கு என் மாமியார் தொடையில் திரித்துவிட்ட நூலை, அறுந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்து நின்றார்.

மாமியார் தலை நிமிரவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சம்பந்தி, வண்டி வெயில்ல நிக்குது. மாடு பாவம்.”

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நாங்கள் வண்டிப் பக்கம் நடந்தோம். ஏறி உட்கார்ந்தேன். போய்வருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லலாமா என்று தெரியவில்லை. சொன்னால் அவர் கேட்டது போல ஆகிவிடும். கேட்டால் தடுக்க வேண்டும்.

அதனால் சொல்லவில்லை. அவரும் திரும்பவில்லை. சக்கரம் உருண்டதும் அவர் குரல் மட்டும் கேட்டது, மாட்டுக்குச் சொல்வது போல.

“மெதுவா. மெதுவா ஓட்டு.”

ஓடையில் இறங்கும்போது எல்லைக் கல் மொட்டையாக நின்றது. வெயிலில் பளபளவென்று இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் நகரிக் கூட்டத்திலிருந்து சாயங்காலம் திரும்பி வந்தாராம். பெண்டாட்டி இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர் வாசலில் மஞ்சள் கையோடு உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார். பூசாரி அப்போதுதான் எங்கள் வீட்டைச் சுற்றிக் கடைசி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். “இன்னாம்மா இது?” என்று கேட்டதற்கு மாமியார், “லைன் போடறோம்” என்றாராம்.

அழுததா?

வெள்ளிக்கிழமை குழந்தை பிறந்தது. பெண். அம்மா கையில்.

மாமியாரால் வர முடியவில்லை. தான் திரித்த நூலுக்குள் தானே அகப்பட்டுக்கொண்டார். ஓடைக்கு இந்தக் கரையில் பேத்தி, அந்தக் கரையில் அவர். எங்கள் வீட்டுக்காரர் சேதி சொல்லியும் அவருக்கு ஆறவில்லையாம். தினமும் மொட்டைக் கல்லுக்கு, இல்லை, இப்போது அது மொட்டை இல்லை, அந்தக் கல் வரைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாராம்.

ஜாத்திரை முடிந்த மறுநாள், காப்பு அவிழ்த்த கையோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி வந்தார். தலையில் ஈரம் சொட்டுகிறது. கையில் அம்மன் வேப்பிலை. வாசல்படி தாண்டுவதற்கு முன்னாலேயே கேட்டார். என்ன நிறம், யார் ஜாடை என்று எதுவும் இல்லை.

“அழுதுச்சா?”

“அழுதுச்சி அத்தே. தெருவே எழுந்துச்சி.”

அப்புறம்தான் உட்கார்ந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டு, அந்தப் பஞ்சு திரித்த தொடை மேல் படுக்கவைத்து, எல்லம்மா என்று கூப்பிட்டார். யாரையும் கேட்கவில்லை. அதுவே பெயர்.

மேலே இருக்கிறவர்கள் அப்புறம் முடிவு சொன்னார்கள். அம்மா ஊர் மெட்ராஸ் பக்கம் போனது. நாங்கள் ஆந்திரா. லைன் நடுவில் ஓடையில் விழுந்தது, கிட்டத்தட்ட அந்தப் பழைய கல் இருந்த இடத்திலேயே. எங்கள் வீட்டுக்காரர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தெலுங்கில் மாட்டை அதட்டிக்கொண்டு ஏர் ஓட்டப் போனார். மாமியாருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: “இவ்ளோ அமர்க்களம் பண்ணாங்க, ஒரு ரயிலாவது வுட்டாங்களா?”

இப்போது எல்லம்மா திருச்சானூரில் குங்குமக் கடை வைத்திருக்கிறாள். பெண்களுக்குக் கல்யாணமாகி, பாட்டியாகப் போகிற வயது. இந்தக் கதையில் பாதி அவளுக்குத் தெரியாது.

கல்பனா, எழுதி முடிச்சிட்டியா? கடைக்குப் போயி உங்க அம்மாவைக் கூட்டிக்கினு வா. வந்து உக்காந்து முதல்ல இருந்து எனக்குப் படிச்சிக் காட்டு, நான் சொன்னதை நீ ஒழுங்கா எழுதினியான்னு பாக்கணும். லைன்மேன் மாப்பிள்ளை விசயத்தை வேணும்னா வேகமா படிச்சிடு. அந்தப் பஞ்சு எடுத்து உக்கார்ற எடம் வருது பாரு, அங்க அவசரப்படாத.

மெதுவா படி.